ஓர் ஈக்கு ஒன்றரைக் குரோனா

எங்கள் தெருமுனை பேக்கரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலைந்து பேர் டீக்குச் சேருவோம். போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிவிட்டேன்: சுவீடன் நாட்டு அரசாங்கம் ஊரெல்லாம் பொறி வைத்து ஈ, கொசு, குளவி பிடிக்கப் பணம் கொடுத்தது என்று. பக்கத்து வீட்டு அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், உர மூட்டைக்கும் கூலிக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவர்.

"ஏனுங் தம்பி, ஈயைப் புடிச்சு எண்ணறதுக்கா அந்த ஊர்க்காரங்க வரி கட்டறாங்க? அதுல என்னங்க கெடைக்கும்?"

நியாயமான கேள்வி. வரி கட்டுகிற எவரும் கேட்க வேண்டிய கேள்வி. அன்று பேச்சில் பாதிதான் சொல்ல முடிந்தது. இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கதை 1741இல் தொடங்குகிறது. கார்ல் லின்னேயஸ் என்ற இளம் மருத்துவரைச் சுவீடனின் நாடாளுமன்றம் பால்டிக் கடலில் உள்ள ஓலண்ட், கோட்லண்ட் தீவுகளுக்கு அனுப்பியது. செலவு அரசுடையது. சாயச் செடி, மருந்துச் செடி, பீங்கான் செய்யும் களிமண் என்று வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கும் சரக்கெல்லாம் தம் மண்ணிலேயே கிடைக்குமா என்று பார்த்து வரச் சொன்னார்கள். மாணவர்கள் சிலரோடு போன லின்னேயஸ் அதைத் தேடியதோடு நிற்கவில்லை. வழியில் கண்ட செடி, பறவை, வண்டு, பட்டாம்பூச்சி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தார். 1746இல் சுவீடன் நாட்டு விலங்குகளுக்கு ஒரு பட்டியல் நூல் போட்டார். 1758இல், இன்று உலகமே பின்பற்றும் இருசொற் பெயர் முறையை விலங்குகள் அனைத்துக்கும் பொருத்தினார். இன்றைய விலங்குப் பெயரிடலுக்கு அந்த ஆண்டுதான் ஆண்டு ஒன்று. ஆகவே வரிப்பணத்தில் பூச்சியைப் பார்ப்பது அந்த நாட்டுக்குப் புதுப் பழக்கம் அல்ல.

லின்னேயஸ் பிறந்த நாடு. இரண்டரை நூற்றாண்டாகப் பூச்சி சேகரிக்கும் பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்களும் நிறைந்த நாடு. குளிர் நாடு என்பதால் நம் காடுகளைப்போல எண்ணி மாளாத உயிர்வகையும் கிடையாது. அங்கேயாவது பட்டியல் முடிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை பூச்சி சேகரித்தவர்கள் பெரும்பாலும் ஆசைக்குச் சேகரித்தவர்கள். ஆசை எங்கே போகும்? அழகான பட்டாம்பூச்சியிடம் போகும், பளபளக்கும் வண்டிடம் போகும். ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறமாக, நுண்ணோக்கி இல்லாமல் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத ஈயை யார் ஆசைப்பட்டுச் சேர்ப்பார்கள்? சிலர் சேர்த்தார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நாடு முழுவதற்கும் அவர்கள் போதவில்லை. வண்டும் பட்டாம்பூச்சியும் அனேகமாகத் தெரிந்துபோய், ஈ இனமும் சிறு குளவி இனமும் இருட்டிலேயே கிடந்தன. தனி ஆட்களின் விருப்பத்தை மட்டும் நம்பினால் அறிவு இப்படித்தான் ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும். எளிதில் பிடிபடாததை, அழகில்லாததை, உடனே விலைபோகாததைத் தேடிப் பார்க்கும் வேலை பொதுப்பணத்தின் தலையில்தான் விழுகிறது.

2002இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் பணத்தில் ஒரு நீண்டகாலத் திட்டம் தொடங்கியது. நாட்டில் உள்ள பல செல் உயிர்கள் அத்தனையையும் இனம் கண்டு எழுதிவிடுவது, வகைப்பாட்டு ஆய்வுக்கு நிதி கொடுப்பது, அருங்காட்சியகச் சேகரிப்புகளைப் பேணுவது, பெயரிடத் தெரிந்த புதுத் தலைமுறையைப் பயிற்றுவிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சுவீடன் வேளாண் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. அந்த நாட்டின் பல செல் உயிரினங்களில் ஏறத்தாழப் பாதி பூச்சிகள் என்பதால், இருட்டில் கிடந்த அந்தக் கூட்டத்தைப் பிடிக்கத் தனியாக ஒரு வேலை ஆரம்பித்தார்கள். அதற்கு மலேஸ் பொறித் திட்டம் என்று பெயர்.

மலேஸ் என்பது ஒரு மனிதர். ரெனே மலேஸ், சுவீடன் பூச்சியியலாளர். கூடாரம் போட்டுத் தங்கும் இடங்களில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். உள்ளே வந்துவிட்ட பூச்சி, திறந்து கிடக்கும் வாசலைப் பார்ப்பதே இல்லை. மேலே ஏறிக் கூரை மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தால் என்ன? 1930களின் நடுவில் பர்மாவில் பூச்சி சேகரிக்கப் போனபோது அந்த யோசனையைத் தைத்தே பார்த்தார். 1937இல் அதைப் பற்றி எழுதினார். நடுவில் மெல்லிய வலைத்திரை, மேலே ஒருபக்கம் உயர்ந்து போகும் கூரை, உச்சியில் சாராயம் ஊற்றிய குப்பி. பறந்து வந்து திரையில் மோதும் பூச்சி வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும், குப்பியில் விழும். மின்சாரமும் வேண்டாம், இரையும் வேண்டாம். இன்றுவரை உலகெங்கும் பறக்கும் பூச்சிகளைக் கணக்கெடுக்க இதைப் பெரிதும் நம்புகிறார்கள்.

2003 முதல் 2006 வரை, சுவீடனின் தென்முனையிலிருந்து வடமுனைவரை 55 இடங்களில் 73 பொறிகள் நின்றன. காடு, சதுப்பு, புல்வெளி என்று எல்லா வகை நிலத்திலும் வைத்தார்கள். அந்தந்தப் பொறிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தன்னார்வலர்கள் குப்பியை மாற்றிக் கொடுத்தார்கள். பனியிலும் மழையிலும் நடந்து போய்க் குப்பி மாற்றிய அந்த மனிதர்களின் உழைப்புக்குக் கூலி கணக்கில் இல்லை.

"அவ்வளவுதானுங்களா? மூணு வருசத்துல முடிஞ்சிருச்சு?" என்றார் அண்ணன்.

"அங்கதானுங்கண்ணா வேலையே ஆரம்பிச்சுது."

பொறி வைப்பது சுலபம். குப்பி நிறைவதும் சுலபம். வந்து சேர்ந்த குப்பிகளில் எத்தனை பூச்சி என்று பிறகு மதிப்பிட்டார்கள்: ஏறத்தாழ இரண்டு கோடி. கூழாகக் கிடக்கும் இரண்டு கோடி உடல்கள். அதை அப்படியே ஒரு நிபுணரிடம் கொடுக்க முடியாது. சிலந்தி படித்தவருக்கு ஈ தெரியாது, ஈ படித்தவரிலும் காளான் ஈ படித்தவர் வேறு, கொசு படித்தவர் வேறு. யாராவது உட்கார்ந்து நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இடுக்கியால் எடுத்து, குடும்பவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோலத்தான், ஆனால் முந்நூறு வகைக் கல். பயிற்சி பெற்ற பணியாளர்களும் கூடவே தன்னார்வலர்களும் பதினைந்து ஆண்டுக்காலம் அதைச் செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரித்து அடுக்கினார்கள். அந்த வேலை நடந்த நிலையம் ஓலண்ட் தீவில், லின்னேயஸ் பெயராலேயே இருக்கிறது. 1741இல் நாடாளுமன்றம் அவரை அனுப்பிய அதே தீவு.

நான் இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பொது நிதியின் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. பொறி வைக்கும் நாளில் படம் எடுக்கலாம், செய்தி வரும். புது இனம் கண்டுபிடித்த நாளிலும் செய்தி வரும். நடுவில் இருக்கும் பதினைந்து ஆண்டில் ஒரு செய்தியும் வராது. நாற்காலி, விளக்கு, நுண்ணோக்கி, சாராயம், மாதச் சம்பளம், அவ்வளவுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 'என்ன சாதித்தீர்கள்' என்று கேட்டுப் பணத்தை நிறுத்துகிற ஏற்பாடாக இருந்திருந்தால், அந்தக் குப்பிகள் ஏதோ ஒரு கிடங்கில் ஆவியாகி வறண்டிருக்கும். ஆராய்ச்சி நிதி என்றால் பெருந்தொகை ஒன்றை ஒரே தடவையில் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சிறுதொகையை நிறுத்தாமல் கொடுப்பதுதான் இந்த மாதிரி வேலைக்கு உயிர்.

தொகை எவ்வளவு? பதினைந்து ஆண்டுக்கும் சேர்த்து, சுவீடன் நாணயத்தில் மூன்று கோடிக் குரோனாவுக்கும் குறைவு, சுமார் 31 லட்சம் டாலர். இரண்டு கோடிப் பூச்சியால் வகுத்தால் ஒன்றுக்கு ஒன்றரைக் குரோனா. கணக்கு வெளியான 2020இன் மாற்று மதிப்பில் நம் காசுக்குப் பதினோரு, பன்னிரண்டு ரூபாய். அண்ணன் கையில் இருந்த டீயின் விலை அதைவிட அதிகம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இருக்கும் நாடு அது. தலைக்குப் பங்கு போட்டால் மொத்தமே மூன்று குரோனா. அங்கே கடையில் ஒரு காபி குடிக்க அதைப்போலப் பத்து மடங்கு ஆகும்.

அண்ணன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, "சரிங், செலவு பெருசில்ல. வரவு?" என்றார்.

வரவைச் சொல்கிறேன். இரண்டு கோடியில் முக்கால்வாசி, அதாவது ஒன்றரைக் கோடி, ஈ, கொசு வகை. பதினைந்து சதவீதம் குளவி வகை. ஈக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எந்தக் குடும்பம் தெரியுமா? நம் நெல் விவசாயிக்கு நன்றாகத் தெரிந்த ஆனைக்கொம்பன் ஈயின் குடும்பம். திட்டம் தொடங்கும்வரை சுவீடனில் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. 2020இல் கணக்கெடுத்தபோது நிபுணர்கள் பார்த்து முடித்தது மொத்தத்தில் ஒரே ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு சுவீடனில் அதுவரை பதிவே ஆகாதவை. கிட்டத்தட்ட எழுநூறு, உலகத்தில் யாருமே பெயர் வைத்திராதவை.

இன்னொரு கணக்கும் வந்தது. கிடைத்த விவரங்களை வைத்து, நாட்டில் மொத்தம் எத்தனை பூச்சி இனம் இருக்கும் என்று மூன்று வெவ்வேறு வழியில் மதிப்பிட்டார்கள். ஒன்று நிபுணர்களின் கணிப்பு, ஒன்று பொறியில் வந்த புது இனங்களின் விகிதம், ஒன்று புள்ளியியல். மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றன: 33,000. திட்டம் தொடங்கும்போது அதில் 8,600 இனம் தெரியாது. கணக்கு வெளியான 2020இலும் இன்னும் 5,000 தெரிய வேண்டியிருந்தது. உலகிலேயே நன்றாக ஆராயப்பட்ட நாடுகளில் ஒன்றில், நாலில் ஒரு பூச்சி இனம் அதுவரை பதிவாகவே இல்லை என்றால் என்ன அர்த்தம்! புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொழில் செய்பவை என்பது அதைவிட முக்கியம். அழுகியதை மட்கச் செய்பவை, அல்லது பிற பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிகள். மண்ணை மண்ணாக வைத்திருப்பதும், பயிர் தின்னும் பூச்சியைப் பெருகவிடாமல் வைத்திருப்பதும் இவைதான். வேலை செய்கிற ஆட்களின் பெயர் தெரியாமல் இரண்டரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

இந்த இடத்தில் அண்ணனுக்கு அவர் தோட்டத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன்.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்தால் மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு அதைக் காத்துக்கொள்ளும். அண்ணன் அன்றைக்கு முக்கால் ஏக்கர் பப்பாளியை வெட்டிக் கொளுத்தியவர். "அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுதுங்" என்றார்.

பிறகு 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு குளவி வந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாதது, கண்ணுக்குத் தூசிபோல் இருக்கும். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் அதை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி, விவசாயிகளுக்குக் கொடுத்தது. அது மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே அதைத் தின்று முடித்து, குளவியாகி வெளியே வரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் குளவியின் பெயர் எப்படிக் கிடைத்தது என்பது தெரியாது.

அந்த மாவுப்பூச்சிக்கே 1992இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது என்று தெரிந்ததால்தான், அதன் எதிரிகளை அங்கே போய்த் தேட முடிந்தது. கிடைத்த குளவிக்கு 2003இல் பெயர் வைத்தார்கள், அசெரோபேகஸ் பப்பாயே என்று. வைத்த இருவரில் ஒருவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தார், மற்றவர் அமெரிக்க வேளாண் துறையில். இருவருக்கும் சம்பளம் மக்கள் பணம். அவர்கள் எழுதிய நாளில் கோயம்புத்தூரில் அந்த மாவுப்பூச்சி இல்லை. அன்னூர் என்று ஒரு ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 2008இல் பூச்சி இங்கே வந்து இறங்கியபோது, அது யார், அதன் சொந்த ஊர் எது, அதைத் தின்பது எது என்ற மூன்று கேள்விக்கும் விடை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ஒட்டுண்ணிக் குளவிகளில் இனம் மாறினால் பெரும்பாலும் பயன் இல்லை. பக்கத்து இனக் குளவியைக் கொண்டுவந்து விட்டால் அது இந்த மாவுப்பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். பெயர் என்பது வெறும் லேபிள் அல்ல. எதை எங்கே தேடுவது என்பதற்கு அதுதான் விலாசம்.

அந்தக் குளவியின் தூரத்துச் சொந்தங்கள் சுவீடன் குப்பிகளிலும் இருக்கின்றன, இரண்டு லட்சத்துக்கும் மேலே. எதற்கு எது எதிரி என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. என்றைக்கு, எந்த நாட்டுக்கு, எது தேவைப்படும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாங்க ஆள் வரும்வரை காத்திருந்து ஆராய்வது என்றால் வியாபாரிக்குச் சரி. பூச்சி வந்து இறங்கிய பிறகு பெயர் வைக்க உட்கார்ந்தால் பப்பாளி மிஞ்சாது.

தனியார் பணமும் தன்னார்வலரும் செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நிறையச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கம் 27 ஆண்டுகள் இதே மலேஸ் பொறியை வைத்து எடை போட்டு வந்ததால்தான், பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே பறக்கும் பூச்சிகளின் எடை நாலில் மூன்று பங்கு குறைந்துவிட்டது என்று 2017இல் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது எடையைத்தான். குறைந்தது எந்த இனம், அதனால் எந்த வேலை நின்றுபோகிறது என்பதைச் சொல்ல இனம் பிரித்துப் பெயர் வைத்த பழைய கணக்கு வேண்டும். சுவீடனின் குப்பிகள் 2003 முதல் 2006 வரையிலான நிலவரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2019இல் அதே நாட்டிலும் மடகாஸ்கரிலும் ஓர் அறக்கட்டளையின் பணத்தில் பொறி வைத்து, பூச்சிகளை டி.என்.ஏ. வழியாகப் பிரித்துப் பார்க்கும் புதுத் திட்டம் தொடங்கியது. டி.என்.ஏ. வேகமானது, இதுவும் அதுவும் ஒன்றா வேறா என்று சொல்லிவிடும். ஆனால் அது இன்ன பூச்சி என்று சொல்ல, பெயர் தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த மாதிரிகளைப் பேணுவது அருங்காட்சியகமும் அதன் பின்னால் இருக்கும் பொது நிதியும். ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் கட்டுகிறார்கள், அடித்தளம் போடுகிற செலவை மட்டும் யாரும் விரும்பி ஏற்பதில்லை.

"அப்ப நிபுணருங்க பாக்காத மிச்சம் தொண்ணூத்தொம்பது சதம்?" என்றார் அண்ணன். டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

பெரும்பகுதி பிரித்து அடுக்கித் தயாராக இருக்கிறது. பூச்சி இருக்கிறது, குப்பி இருக்கிறது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. உலகம் முழுவதும் இதே குறைதான். ஒரு குளவிக் குடும்பத்தை முழுதாகத் தெரிந்தவர்கள் என்று எண்ணினால் கைவிரல் மிஞ்சும். ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது, அவர் இடத்துக்கு இன்னொருவரை அமர்த்தாமல் விட்டால் நாற்பது ஆண்டுப் பழக்கமும் அவரோடு போய்விடுகிறது. நம் நாட்டிலும் 1916 முதல் இந்திய விலங்கியல் அளவை நிறுவனம் இருக்கிறது, அங்கும் இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவீடனைப்போலச் சிறிய குளிர் நாட்டுக்கே 33,000 என்றால், மேற்குத் தொடர்ச்சி மலை உள்ள நமக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அண்ணனின் பேத்தி இந்த ஆண்டு விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். எழும்போது அவரிடம் கேட்டுக்கொண்டதையே இதைப் படிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து ஈயின் சிறகு நரம்பை எண்ணிக்கொண்டிருந்தால், 'இதுக்கா படிச்சே' என்று கேட்டுவிடாதீர்கள். படிக்க விடுங்கள். அந்தப் படிப்புக்கு வேலையும் நிதியும் கேட்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.